வராதவர்களைத் தேடிச் செல்வோம்

(நமது பள்ளிவாசலின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன் அல்லாஹு தஆலாவுக்கே புகழ் அனைத்தும். அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. அம்மா பஅத்.

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையைப் படித்தார்கள். மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் எண்ணிக்கை, ரமலானில் கஞ்சி பெற்றுச் சென்றோர், நிகழ்ந்த நிகாஹ்கள், எடுக்கப்பட்ட ஜனாஸாக்கள் ஆகிய அனைத்திற்கும் அதில் கணக்கு இருந்தது. அல்லாஹ் அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. அவை யாவும் பள்ளிக்கு வந்தவர்களின் கணக்கு. நேற்று வரை முதல் ஸஃப்பில் நின்று, இன்று முழங்கால் வலியாலும் மங்கிய பார்வையாலும் வர இயலாமல் வீட்டுக்குள் இருந்துவிட்ட மூத்தவர்களின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது? இன்றைய உரையில் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அண்ணலார் தேடிய ஒரு பெண்மணி

மதீனாவின் மஸ்ஜிதைக் கூட்டித் துப்புரவு செய்து வந்த ஒரு பெண்மணியின் செய்தியை இமாம் புகாரீ, இமாம் முஸ்லிம் (ரஹ்) இருவருமே பதிவு செய்துள்ளார்கள். சில நாள்கள் அப்பெண்மணி கண்ணில் படவில்லை. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினார்கள். இது பெருமானாருக்கு அறிவிக்கும் அளவு பெரிய செய்தியன்று என அவர்கள் எண்ணிவிட்டனர் போலும். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று அண்ணலார் கேட்டார்கள். பிறகு கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள்.

இந்த நபிமொழியிலிருந்து கப்ரின் மீது ஜனாஸாத் தொழுவது குறித்த சட்டத்தை ஃபுகஹாக்கள் எடுத்துரைக்கிறார்கள். அதற்கு முன்னதாக ஒரு பாடம் இதில் இருக்கிறது. ஆட்சித் தலைவராகவும், படைத் தளபதியாகவும், நீதிபதியாகவும் இருந்த பெருமானார், பள்ளியைக் கூட்டும் ஒரு பெண் வரவில்லை என்பதைக் கவனித்தார்கள். வந்தவரைப் பார்ப்பது எவருக்கும் எளிது. வராதவரைக் கவனிப்பது ஸுன்னத்தாகும்.

நகரில் பள்ளி, புறநகரில் வீடு

நம் ஜமாஅத்தின் மூத்தவர்கள் யார் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறி வந்து இந்தத் தீவில் உழைத்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளுமே அவர்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் துறைமுகத்தை ஒட்டி அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் படித்தனர். பள்ளிவாசல் நடந்து போகும் தொலைவில் இருந்தது. ஒருவர் இரண்டு வக்துக்கு வரவில்லையென்றால் மூன்றாம் வக்துக்குள் அவர் வீட்டு வாசலில் நான்கு பேர் நிற்பார்கள்.

1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. குடிசைகளும் நெரிசல் மிகுந்த கடைவீடுகளும் மறைந்து, குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் கொண்ட அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று இந்நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்குச் சற்றுக் குறைவானோர் அவ்வீடுகளிலேயே வாழ்கின்றனர். இது மாபெரும் நிஃமத்; நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம். 1989ஆம் ஆண்டு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் நல்லது. அதன் பலனை இந்நாட்டின் அமைதியில் காண்கிறோம்.

ஆயினும் இந்த மாற்றங்களின் விளைவாக நம் மூத்தவர்களின் வாழ்வில் ஏற்பட்ட ஒன்றை நாம் கருத்தில் கொண்டாக வேண்டும். சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளி, குச்சுப் பள்ளி என்று முன்னோர் அழைத்த தெலுக் ஆயர் தெருவின் அல் அப்ரார் பள்ளி, டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளி என நம்மவர் வளர்த்த பள்ளிகள் நகரின் நடுவே நிற்கின்றன. நம் மக்களோ உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங் எனத் தீவின் ஓரங்களில் வாழ்கிறார்கள். கால்கள் வலுவாக இருக்கும் வரை இந்தத் தொலைவு தெரியாது. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் படிகளும், ரயில் மாறும் நெடிய நடையும் இயலாமற் போகும் நாளில், ஒரு பெரியவர் இரண்டை ஒரே வேளையில் இழக்கிறார். ஒன்று, அவர் பழகிய பள்ளி. மற்றொன்று, அவர் மனம் விட்டுப் பேசும் மொழி. வீட்டருகே உள்ள பள்ளியில் அவர் தொழலாம். அங்கே அன்பான மலாய்ச் சகோதரர்கள் வரவேற்பார்கள். ஆனால் தமிழில் குத்பா சில பள்ளிகளில் மட்டுமே உண்டு. அவர் வசிக்கும் புளோக்கில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம் அவருடையது ஒன்றாகவே இருக்கலாம்.

பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். மகன் காலையில் வேலைக்குச் செல்கிறார்; மருமகளும் செல்கிறார்; பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை அந்த வீட்டில் ஒரே ஒரு மனித மூச்சுத்தான் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்வதும் துணையோடு வாழ்வதும் எப்போதும் ஒன்றாகிவிடுவதில்லை.

தனிமை ஒரு நோய்

தனிமையை மனக்குறை என்றே நாம் கருதி வந்தோம். மருத்துவர்கள் இன்று அதனை உடலுக்கும் கேடாகக் காண்கிறார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் இந்நாட்டு மூத்தோரிடையே செய்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. தனிமையை உணரும் 60 வயதினர், தனிமையை உணராத அதே வயதினரை விடச் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் குறைவாக வாழக்கூடும் என்று அது கூறியது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பது நம் ஈமான். நோய்க்கு மருந்து தேடுவதும் அதே ஈமானின் பகுதியே.

2030ஆம் ஆண்டில் இந்நாட்டுக் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என அரசு கணித்துள்ளது. நம் ஜமாஅத்தும் இதற்கு விலக்கன்று.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியே வாழ்ந்த முதியவர் ஒருவர் இறந்து, பல நாள்கள் கழித்து அண்டை வீட்டார் ஐயுற்ற பின்னரே கதவு திறக்கப்பட்டது என்ற செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது பார்க்கிறோம். மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழவைப்பது, அடக்குவது ஆகிய நான்கும் நம் மீது ஃபர்ளு கிஃபாயா. ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. ஒரு முஸ்லிம் தன் வீட்டில் இறந்து கிடக்க, ஜமாஅத்தில் ஒருவர்கூட அறியாமல் இருந்தோம் என்றால், அந்தக் கடமைக்கு மஹ்ஷரில் என்ன பதில் சொல்வது? இறந்த பின் தேடுவதை விட, இருக்கும்போது தேடுவது எளிது.

"உம்மிடத்தில்" என்ற சொல்

பெற்றோர் குறித்த இறைக்கட்டளை திருமறையின் 17ஆம் அத்தியாயத்தில் 23, 24ஆம் வசனங்களில் இருக்கிறது. தன்னையன்றி எவரையும் வணங்கலாகாது என்று விதித்த உடனேயே, பெற்றோருக்கு நன்மை செய்வதை இறைவன் விதிக்கிறான். அவர்கள் முதுமையை அடையும்போது சலிப்பின் சிறு ஒலியைக் கூட எழுப்பலாகாது எனத் தடுக்கிறான். அவ்வசனத்தில் "இந்தக" என்றொரு சொல் வருகிறது. "உம்மிடத்தில்" என்பது அதன் பொருள். பெற்றோர் எங்கோ ஓரிடத்தில் முதுமை அடைவதைப் பற்றி அங்கே பேசப்படவில்லை; பிள்ளையின் அருகில், பிள்ளையின் பொறுப்பில் முதுமை அடைவதே அங்கே காட்டப்படுகிறது.

இந்நாட்டுச் சட்டமும் தன் வழியில் அதற்குத் துணை செய்கிறது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவைக் கோரலாம். பெற்றோருடன் அல்லது அவர்களுக்கு அருகில் வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு மானியம் வழங்கும் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. இன்று பெற்றோருடன் வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளியும், நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளியும் கிடைக்கின்றன. வீடு தேடும் இளம் தம்பதியர் இதனை மனத்தில் கொள்ளட்டும். ஆனால் சட்டத்தால் பணத்தை வாங்கித் தர முடியும். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளம் வரை நடக்கும் பத்து நிமிடத்தை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது.

புளோக்கின் கீழே இருக்கும் உதவி

பெருமக்களே! நாமே ஒரு முதியோர் இல்லம் கட்டலாமே என்று சிலர் நல்லெண்ணத்துடன் கேட்கிறார்கள். மூத்தவர்களில் பெரும்பாலோர் வாழ விரும்புவது தம் சொந்த வீட்டில். தமக்குப் பழகிய சமையலறை, தாம் வளர்த்த பூந்தொட்டி, தமக்குத் தெரிந்த கடைத்தெரு ஆகியவற்றின் நடுவே. அதற்குத் துணை செய்யும் ஏற்பாடுகள் பல ஏற்கெனவே நம் காலடியில் இருக்கின்றன.

‘ஏஜ் வெல் எஸ்ஜி’ என்னும் தேசியத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளில் 350 கோடி வெள்ளி அதற்குச் செலவிடப்படும் என 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் கூறப்பட்டது. துடிப்பாக மூப்படையும் நிலையங்களே அதன் முதுகெலும்பு. அவற்றின் எண்ணிக்கையை 2025க்குள் 220 ஆக உயர்த்துவது இலக்காக வைக்கப்பட்டது. பல புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவும் நாற்காலிகளுமாக நாம் கடந்து செல்லும் இடம் அதுதான். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அங்கே மூன்று வகை உதவி உண்டு. ஒன்று, உடற்பயிற்சி, கூடி உண்ணுதல், கைவேலை போன்ற நடவடிக்கைகள். இரண்டு, தனித்து வாழ்வோரின் வீட்டுக்குச் சென்றும் தொலைபேசியில் அழைத்தும் நட்புப் பேணுதல். மூன்று, மருத்துவமோ பராமரிப்போ தேவைப்படுவோரை உரிய இடத்துக்கு அனுப்பி வைத்தல். இந்நிலையங்களைத் தொண்டு அமைப்புகள் பல நடத்துகின்றன. அரசு நிதி தருகிறது. வீடு வீடாகச் சென்று மூத்தோரைக் காணும் சில்வர் ஜெனரேஷன் அலுவலகத்தின் தொண்டர்களும் இருக்கிறார்கள்.

கட்டடத்திலேயே இந்த எண்ணத்தை வைத்துக் கட்டியும் காட்டியிருக்கிறார்கள். உட்லண்ட்ஸில் 2018இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டியில் மூத்தோருக்கான 104 சிறிய வீடுகளும், அவற்றோடு உணவங்காடி, மருத்துவ நிலையம், பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஆகியவையும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. ஆனால் எல்லாரும் அங்கே குடிபோக முடியாது. இருக்கும் புளோக்கையே அத்தகைய இடமாக ஆக்குவதே நம் முன் உள்ள வேலை.

இது பிற நாடுகளிலும் பயன் கண்ட வழியே. நியூயார்க் நகரில் ஆடைத் தொழிலாளர் சங்கம் கட்டிய பென் சவுத் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பு 1962இல் திறக்கப்பட்டது. பத்துக் கட்டடங்கள் கொண்ட அக்குடியிருப்பில் இளமையில் குடிவந்தவர்கள் அங்கேயே மூப்படைந்தனர். 1986இல் குடியிருப்பின் நிர்வாகமும் சமூக சேவை அமைப்புகளும் கைகோத்து, தாதியரையும் சமூகப் பணியாளரையும் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டு வந்தன. 1990களில் அம்மாநில அரசு இம்முறைக்குச் சட்ட வடிவமும் நிதியும் தந்தது. அங்கே மூத்தவர்களை யாரும் இடம் மாற்றவில்லை. உதவி அவர்களின் இடத்துக்கு வந்தது.

இடையில் உள்ள இடைவெளி

அப்படியானால் நம் மூத்தவர்கள் ஏன் இந்நிலையங்களுக்குச் செல்வதில்லை? காரணங்களை நாம் அறிவோம். அங்கே பேசப்படும் மொழி புரிவதில்லை. பரிமாறப்படும் உணவு ஹலாலா என்ற ஐயம் இருக்கிறது. ளுஹர் நேரத்தில் தொழ இடம் உண்டா என்று கேட்கத் தயக்கம். பாட்டும் ஆட்டமுமாக இருக்குமோ என்ற கூச்சம். தொண்டர் கதவைத் தட்டி ஏதேனும் வேண்டுமா என்று கேட்டால், மொழி தெரியாத நம் பெரியம்மா புன்னகையோடு தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். தொண்டரின் குறிப்பேட்டில் ‘நலம்’ என்று எழுதப்படுகிறது. அந்த அம்மையாருக்கு இரண்டு வாரமாகத் தலைச்சுற்றல் இருப்பது அதில் எழுதப்படுவதில்லை.

நிலையத்திடம் இடமும் நிதியும் பயிற்சி பெற்ற பணியாளரும் உண்டு. நம் பெரியவர்களின் மொழியும் பழக்கமும் அவர்களிடம் இல்லை. நம்மிடம் மொழியும் உரிமையும் முகப் பழக்கமும் உண்டு. தாதியும் மருத்துவரும் நம்மிடம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கதவு உண்மையில் திறக்கும். கூட்டு முயற்சி என்று நான் சொல்வது இதனையே.

பிற சமயத்தார் நடத்தும் அமைப்புகளோடு நாம் எப்படிக் கைகோப்பது என்று ஐயுறுவோருக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைவூட்டுகிறேன். நபித்துவத்திற்கு முன் மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில், அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதாகக் குறைஷியர் சிலர் உறுதி செய்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் பங்குபற்றினார்கள். நபித்துவத்திற்குப் பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்குத் தம்மை அழைத்தால் இணங்குவதாகவே கூறினார்கள். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒத்துழைக்குமாறு திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம் சமூகத்துக்குள்ளேயும் முயிஸ், மெண்டாக்கி, மெஸ்ரா ஆகிய மூன்று அமைப்புகளும் 2018 முதல் எம்-கியூப் என்ற பெயரில் இணைந்து செயல்பட்டு, வட்டாரங்கள் தோறும் தொண்டர் அணிகளை அமைத்துள்ளன. நாம் அவர்களோடும் இணையலாம்.

ஹஸரத் அபூபக்கர் (ரலி), ஹஸரத் உமர் (ரலி) ஆகியோரின் செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். மதீனாவின் ஓரத்தில் வாழ்ந்த பார்வையற்ற மூதாட்டி ஒருவருக்கு இரவில் பணிவிடை செய்ய உமர் (ரலி) செல்வார்கள். ஒவ்வொரு முறையும் எவரோ முந்திக்கொண்டு வேலைகளை முடித்திருப்பதைக் கண்டு, ஒருநாள் மறைந்திருந்து பார்த்தார்கள். வந்தவர் கலீஃபாவாகிய அபூபக்கர் (ரலி) அவர்களே என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நன்மையில் போட்டியிட்ட பெருமக்கள் அவர்கள். நாமோ ஆள் குறைந்தவர்கள். ஒரே வீட்டுக்கு இருவர் செல்லாமல் பங்கிட்டுக்கொண்டால், மற்றொரு கதவும் தட்டப்படும்.

செய்ய வேண்டியவை

இனி, நிர்வாகக் குழுவின் முன்னும் உங்கள் முன்னும் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பதிவேடு. நம் ஜமாஅத்தில் 60 வயதைக் கடந்தோரின் பெயர், புளோக் எண், அவசரத்தில் அழைக்க வேண்டிய உறவினர் ஆகிய விவரங்களை அவரவர் சம்மதத்துடன் எழுதி வைக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 முதல் உள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும் பிறர் வீட்டுச் செய்தி நம்மிடம் அமானிதம். அந்த ஏடு பொறுப்பாளர் இருவரைத் தவிர வேறு எவர் கைக்கும் போகலாகாது.

இரண்டாவது, வட்டாரத்துக்கு ஓர் அண்டை வீட்டார். அதே நகரில் வாழும் நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு அல்லது மூன்று மூத்தவர்களை ஏற்றுக்கொள்ளட்டும். வாரத்தில் ஒருமுறை நேரில், ஒருமுறை தொலைபேசியில். பெண்களுக்குப் பெண்களே செல்லட்டும். அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் யாரிடம் சொல்வது என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். முதலில் குடும்பத்தார், அடுத்து எதிர் வீட்டார், பிறகு நிலையம், தேவையெனில் காவல்துறை.

மூன்றாவது, நிலையத்துக்குத் துணையாகச் செல்லுதல். நீங்கள் போங்கள் என்று சொன்னால் எந்தப் பெரியவரும் போக மாட்டார். முதல் மூன்று முறை நம்மவர் உடன் சென்று அமர வேண்டும். நிலையத்தாரிடம் ஹலால் உணவு பற்றியும் தொழுவதற்கு ஒரு மூலை பற்றியும் மரியாதையுடன் நாமே கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள். பதிலுக்கு நாமும் ஏதேனும் தர வேண்டும். மாதம் ஒருநாள் தமிழ் பேசும் மூத்தோர் அனைவருக்குமாக, அவர் எச்சமயத்தவராயினும், நம் தொண்டர்கள் மொழிபெயர்ப்பாளராக அங்கே இருக்கலாம்.

நான்காவது, குளியலறை. இதை ஏன் இமாம் பேசுகிறார் என்று வியக்க வேண்டாம். ஃபஜ்ருக்கு முன் அரை இருட்டில், ஈரத் தரையில், ஒரு காலைத் தூக்கி உளூச் செய்யும் வேளையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன் பின் மீண்டும் நடக்க இயலாதவர்கள் எத்தனையோ பேர். கைப்பிடிக் கம்பி பொருத்தவும், தரையை வழுக்காமல் பதப்படுத்தவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் ‘ஈஸ்’ திட்டத்தை நடத்துகிறது. சிங்கப்பூரர் குடும்பத்துக்குச் செலவில் 95 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. 2024இல் வசதிகள் மேலும் கூட்டப்பட்டன. விண்ணப்பத்தை நிரப்பித் தர ஓர் இளைஞர் போதும். மார்க்கத்தின் சலுகைகளையும் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்து உளூச் செய்யலாம். பிறர் தண்ணீர் ஊற்றலாம். முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, பெருமானாரே உளூச் செய்திருக்கிறார்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். நோயுற்றவருக்கு, அவர் நலமாக இருந்தபோது செய்து வந்த அமலின் கூலி எழுதப்படுகிறது என்று புகாரீயில் நபிமொழி இருக்கிறது. பள்ளிக்கு வர இயலவில்லையே என்று கண்ணீர் விடும் ஒருவருக்கு இந்த ஒரு செய்தியே எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஐந்தாவது, ரமலான் கஞ்சி. நம் பள்ளிக் கஞ்சியின் மணத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர் இன்று அதைச் சுவைக்க வர இயலாமல் இருக்கிறார்கள். வரும் ரமலானில் அவர்களுக்கான கஞ்சியை இளைஞர்கள் தூக்குச் சட்டியில் வீட்டுக்கே கொண்டு செல்லட்டும். கொடுத்துவிட்டு ஓடி வராமல், ஐந்து நிமிடம் அமர்ந்து வரட்டும். சட்டியைத் திரும்ப வாங்க மறுநாள் போக வேண்டியிருக்கும். அப்படியே முப்பது நாளும் அக்கதவு திறக்கும். குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் சொன்ன உபதேசத்தின்படி, எதிர் வீட்டுச் சீனப் பாட்டிக்கும் மலாய்த் தாத்தாவுக்கும் ஒரு கிண்ணம் போகட்டும். நான்காம் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. நம் பெரியவர் விழுந்துவிட்டால் முதலில் அந்த ஓசையைக் கேட்கப்போவது அந்த எதிர் வீட்டுப் பாட்டிதான்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

பிள்ளைகள் சிலர், நாங்கள் இருக்கும்போது எங்கள் தந்தை ஏன் நிலையத்துக்குப் போக வேண்டும், ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறார்கள். உங்கள் மான உணர்வை மதிக்கிறேன். ஆனால் பகல் முழுதும் தொலைக்காட்சியோடு பூட்டிய வீட்டில் இருப்பது உங்கள் தந்தைக்குக் கண்ணியமா? அல்லது சம வயதுத் தோழர்களோடு இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு வருவது கண்ணியமா? அங்கே அனுப்புவது அவரைக் கைவிடுவதாகாது. மாலையில் வீடு திரும்பி, இன்று என்ன நடந்தது வாப்பா என்று நீங்கள் கேளாமல் விடுவதே கைவிடுவதாகும்.

பெரியவர்களே! எங்கள் தலைக்கு மேல் நிழலாக இருப்பவர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று வலியை மறைக்காதீர்கள். பலவீனத்திலிருந்து பலத்தையும், பலத்துக்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று இறைவன் 30ஆம் அத்தியாயத்தின் 54ஆம் வசனத்தில் கூறுகிறான். அவன் தந்த நிலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தட்டுபவருக்குக் கதவைத் திறவுங்கள். உதவி பெறுவது மட்டும் உங்கள் பங்கு என்று எண்ணவும் வேண்டாம். உங்களிடம் ஓதக் கற்ற பிள்ளைகள் இன்று தந்தையராகிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தொலைபேசி வழியாக நீங்கள் சூராக்களைச் சொல்லித் தரலாம். தஞ்சோங் பகார் நாள்களின் கதைகளைச் சொல்லலாம். உங்களைத் தவிர அவற்றை அறிந்தவர் இனி இல்லை.

ஜமாஅத் பெருமக்களே! சிறியோருக்கு இரங்காதவரும் பெரியோரை மதிக்காதவரும் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை படிக்கப்படும்போது, அதில் ஒரு பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும் என விரும்புகிறேன். எத்தனை மூத்தவர்கள் வர இயலாமல் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரை நாம் சென்று கண்டோம், எத்தனை வீடுகளில் கைப்பிடி பொருத்தப்பட்டது, எத்தனை பேர் தம் புளோக்கின் நிலையத்தில் நண்பர்களைப் பெற்றார்கள் என்ற கணக்கு அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பணிக்கு முன்வருவோர் இஷாவுக்குப் பின் செயலாளரிடம் தங்கள் பெயரையும் வசிக்கும் வட்டாரத்தையும் கொடுத்துச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்களைச் சிறுவயதில் வளர்த்தவர்கள் மீது கருணை புரிவாயாக. வீட்டுக்குள் தனித்திருக்கும் மூத்தவர்களின் மனத்தில் அமைதியை இறக்குவாயாக. அவர்களின் கதவைத் தட்டும் கால்களை எங்களிலிருந்து உருவாக்குவாயாக. எங்கள் முதுமையில், எங்களைத் தேடி வருவோரை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் முடிவை ஈமானுடைய நல்முடிவாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.